சீடிக்கு அடித்த சீல்

பள்ளிக்கூட நூலகப் பொறுப்பு இருக்கிறதே, ஒழுங்காகச் செய்தால் ஒருவர் கண்ணிலும் படாது. ஒரு பிழை விட்டுப் பாருங்கள், பியோன் தொடக்கம் வலயக் கல்விப் பணிமனை வரைக்கும் அதுதான் கதை. இந்தத் தொழிலில் கிடந்து மாரடித்தவர்கள் யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால், ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருங்கள். உங்களுக்கு விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்து சமுத்திரத்தில்

நான் மனையியல் ரீச்சர். யுத்த காலத்தில் எங்கள் மனையியல் அறைக்கு மண்ணெண்ணெய் வருவது நின்றுபோனது. அடுப்பு இல்லாமல் கரும்பலகையில் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துக்கொண்டிருந்த என்னை அதிபர் கூப்பிட்டு நூலகப் பூட்டின் திறப்பைக் கையில் தந்தார். “எனக்கு நூலகத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது சேர்” என்றேன். “அதுதான் ரீச்சர் உங்களைப் போட்டனான். தெரிஞ்ச ஆள் எண்டால் புத்தகம் வாங்கித் தாங்கோ எண்டு கேப்பார்” என்றார்.

நூலகம் என்றால் பெரிதாக ஒன்றையும் நினைக்க வேண்டாம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் பார்த்த ஓர் அறை. நேவிக்காரரின் படகு போனால் இரண்டு அலுமாரிகளின் கண்ணாடியும் கடகடவென்று ஆடும். பயிற்சிக்கு என்று ஒரு கிழமை அனுப்பினார்கள். அங்கே சொன்னதில் என் மண்டைக்குள் ஏறியது ஒன்றே ஒன்று. நூலகத்துக்குள் எது வந்தாலும் முதலில் சீல் அடிக்க வேண்டும். தலைப்புப் பக்கத்தில் ஒன்று, களவு போனால் பிடிப்பதற்கு உள்ளே ஓர் இரகசியப் பக்கத்தில் இன்னொன்று. முட்டை வடிவத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரும் நடுவில் ‘நூலகம்’ என்றும் இருக்கும் அந்த றப்பர் சீலைக் கையில் எடுத்தால் எனக்கு ஒரு தனி உசார். புத்தகம் முடிந்து அலுமாரிக்கு அடித்தேன். கதிரைக்கு அடித்தேன். உலக உருண்டையில் இடம் தேடி, இலங்கைக்குப் பக்கத்தில் நீலமாக இருந்த இடத்தில் அழுத்தி ஒன்று வைத்தேன்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் சுகந்தி. உயர்தர வகுப்புப் பிள்ளை, இறக்கக்கண்டிக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், தகப்பன் கடற்றொழில். இடைவேளைக்கு நூலகத்துக்கு வருகிற ஒரேயொரு பிள்ளையும் அவள்தான். உருண்டையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்கட கடலுக்கும் சீல் அடிச்சிட்டீங்கள் ரீச்சர். இனி அப்பா கடலுக்குப் போக நேவியிட்ட பாஸ் எடுக்கத் தேவையில்லை.”

சுகந்தியின் தம்பி

இந்த வாயாடி ஒருநாள் வாயே திறக்காமல் வந்து நின்றாள். “என்ன பிள்ளை, பரீட்சையில கோட்டை விட்டிட்டியோ?” என்று பகிடியாகக் கேட்டேன். அழுதுவிட்டாள்.

மூன்றாம் வகுப்பில் படிக்கிற தம்பி ஒருவன் அவளுக்கு. வகுப்பில் வைத்து இரண்டு தரம் வலிப்பு வந்திருக்கிறது. வாயில் நுரை தள்ளியதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, தாய்மார் திரண்டு வந்து, இது தொத்து வருத்தம், மற்றவைக்கும் வரும், எங்கள் பிள்ளைகளை அவனோடு ஒரே வாங்கில் இருத்த வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் பாவம், அவருக்கும் வடிவாகத் தெரியாது. பொடியனைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருக்கச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் ஒரு தவணை, மூன்று மாதம் என்றாகிவிட்டது. மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம் அவன் வீட்டு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறானாம்.

“டொக்டரிட்ட ஒரு கடிதம் வாங்க ஏலாதோ?” என்றேன். ஆசுப்பத்திரிக் கொப்பியில் மருந்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். டொக்டர் சிங்களத்தில் சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லையாம். அவர் இப்போது மாற்றலாகியும் போய்விட்டாராம். நான் எங்கள் கலைக்களஞ்சியத்தைத் திறந்து பார்த்தேன். கறையான் ஒரு மட்டையில் புகுந்து மற்ற மட்டையால் வெளியே வந்திருந்தது. சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “தொத்தாது எண்டு எங்கயாவது எழுதியிருக்கும்தானே ரீச்சர்? எழுத்தில கொண்டுவந்தால் தம்பியை எடுக்கிறன் எண்டு பெரிய சேர் சொன்னவர்.”

எந்த அலுமாரியில்?

அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூட நூலகங்களுக்கு உதவுகிற ஒரு நிறுவனத்திலிருந்து அலுவலர் ஒருவர் வந்து இறங்கினார். கொழும்பிலிருந்து வந்த சப்பாத்து இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. இங்கிலீசுக் கலைக்களஞ்சியம் முழுவதும் அடங்கிய சீடிகள் ஐந்து, அல்லது ரெலிபோன் வயரில் வருகிற இன்ரநெற். இரண்டையும் ஒரு தவணைக்குப் பாவித்துப் பார்த்து, எது வேண்டும் என்று நூலகப் பொறுப்பாளர் அறிக்கை தர வேண்டுமாம். மற்றதைத் திருப்பி எடுத்துவிடுவார்களாம். நூலகப் பொறுப்பாளர் யார் என்று நானும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றும் தெரியாது என்று காட்டிக்கொள்ள எனக்குக் கௌரவம் விடவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சீடி விளங்கியது, கையில் பிடிக்கலாம். இன்ரநெற்றைத்தான் பிடிக்க ஏலாமல் இருந்தது. பொறுப்பான ஆள் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று நினைத்து, “அதுக்கு எந்த அலுமாரியை ஒதுக்கட்டும்?” என்றேன். கொம்பியூட்டர் படிப்பிக்கிற வரதன் சேர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அலுவலர் மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார்: “மிஸ், அது உங்கட அலுமாரிக்குள்ள வராது. நீங்கதான் அதுக்குள்ள போகவேணும்.”

சென்ரியில்

சீடிகளை வலயப் பணிமனையிலிருந்து நானே போய் எடுத்து வந்தேன். நாளைக்கே பார்த்துச் சொல்கிறேன் என்று சுகந்திக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். வருகிற வழியில் ஆமிக்காரர் சோதனை போடுகிற சென்ரியில் ஓட்டோவை மறித்து, பையைத் திற என்றார்கள். ஆமிப் பொடியன் ஒரு சீடியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு அதிலேயே முகம் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தான்.

என்னுடைய சிங்களம் பாண் வாங்கப் போதும், கலைக்களஞ்சியத்துக்குக் காணாது. “பள்ளிக்கூடம், அறிவு, எல்லாம் அறிவு” என்று தமிழும் சிங்களமும் கையும் காலுமாக விளங்கப்படுத்தினேன். ஹிந்திப் படம் ஒன்றாவது இருக்குமா என்று ஐந்தையும் புரட்டிப் பார்த்தவனுக்கு முகம் வாடிப்போய்விட்டது. தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னான்: “ஹிந்தி எண்டா நில்லு. அறிவு எண்டா போ.”

வெறுமையான பக்கம்

இனித்தான் உங்கள் அனுதாபம் எனக்குத் தேவை.

சீடிகளை மேசையில் வைத்தேன். நூலகத்துக்குள் வந்த பொருள். முதல் வேலை என்ன? சீல்! முதல் சீடியை எடுத்தேன். A முதல் E வரை. ஒரு பக்கத்தில் வடிவான படமும் எழுத்தும். அதற்கு மேல் சீலை அடித்து அசிங்கப்படுத்த மனம் வரவில்லை. மற்றப் பக்கம் திருப்பினேன். ஒன்றும் எழுதாமல் பளபளவென்று வெறுமையாக இருந்தது. பாருங்கள், எங்களுக்காகவே இடம் விட்டிருக்கிறார்களே, இங்கிலீசுக்காரன் இங்கிலீசுக்காரன்தான் என்று மனதுக்குள் மெச்சினேன். தலைப்புப் பக்கத்துக்குப் பதிலாக மேலே ஒன்று, இரகசியப் பக்கத்துக்குப் பதிலாகக் கீழே ஒன்று. திருப்பித் தருகிற நாளை எழுதும் திகதித் துண்டையும் பசை பூசி ஒட்டி, காயட்டும் என்று விசிறிக்குக் கீழே வைத்தேன். காய்ந்த பிறகு மற்ற நாலுக்கும் அடிக்கலாம் என்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். அந்த இடியப்பத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், அது இல்லாவிட்டால் ஐந்தும் போயிருக்கும்.

வரதன் சேர் உள்ளே வந்தார். விசிறிக்குக் கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப விசிறிக்குக் கீழே பார்த்தார். நல்ல மனுசன், கத்தவில்லை. நோயாளியின் வீட்டாருக்குச் செய்தி சொல்கிற குரலில் சொன்னார்: “ரீச்சர், அது மட்டை இல்லை. நீங்கள் சீல் அடிச்சது அவ்வளவு பக்கத்துக்கும் மேல.”

எலுமிச்சம்புளியும் உப்பும்

அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் உலக அறிவு F எழுத்தில் தொடங்கியது. வரதன் சேர் எப்படிப் போட்டுப் பார்த்தும் நூலகக் கொம்பியூட்டர் முதல் சீடியை வெளியே தள்ளிவிட்டது. அடுத்த நாள் இடைவேளை மணி அடித்து முடியமுன்னம் சுகந்தி வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. வலிப்புக்கு இங்கிலீசில் இன்னொரு சொல் ஃபிட்ஸ்தானே, அது F-இல்தானே வரும் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டாவது சீடியைப் போட்டோம். ஃபிட்ஸ் வந்தது! இரண்டு பேரும் திரைக்குக் கிட்டப் போனோம். அங்கே ஒரேயொரு வரி இருந்தது: எபிலெப்சி என்ற தலைப்பைப் பார்க்க. அந்தத் தலைப்பு E-இல், என்னுடைய சீலுக்குக் கீழே இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எல்லாம் என்மேல்தான். நான் மனையியல் ரீச்சர், கறை எடுக்கப் பதினோராம் வகுப்புக்குப் படிப்பித்தவள், ஒரு மையை எடுக்க ஏலாதோ என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். எலுமிச்சம்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். மை அசையவில்லை. சாம்பல் போட்டேன். கடைசியாகத் தேங்காய்ப் பொச்சுமட்டையால் ஒரு பிடி பிடித்தேன். சீல் போய்விட்டது! வெற்றி வீராங்கனையாகச் சீடியை ஏந்திக்கொண்டு வரதன் சேரிடம் ஓடினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முந்தி எழுத்து மறைஞ்சுதான் இருந்தது ரீச்சர். இப்ப எழுத்தே இல்லை.”

ஃபோனுக்குள் சத்தம்

மிஞ்சியது இன்ரநெற். பள்ளிக்கூடத்துக்கு ஒரேயொரு ரெலிபோன், அது அதிபரின் மேசையில். அதிலிருந்து ஒரு வயரை ஜன்னலால் எடுத்து, வேப்பமரத்தில் சுற்றி, நூலகத்துக்குக் கொண்டுவந்தார் வரதன் சேர். பகலில் அலுவலக வேலை இருப்பதால் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் எனக்குத் தருவேன் என்று அதிபர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டவுடன் சுகந்தியின் பஸ் போய்விடும். அதை விட்டால் அவளுக்கு வேறு பஸ் இல்லை, றோட்டையும் மூடிவிடுவார்கள். அவள் இருக்கிற நேரம் இன்ரநெற் இல்லை, இன்ரநெற் இருக்கிற நேரம் அவள் இல்லை. சரி, கெடுத்தவள் நான்தானே, நானே தேடுகிறேன் என்று இருந்துவிட்டேன்.

முதல் நாள் கீச்சென்றும் கொர்ரென்றும் ஒரு சத்தம் போட்டு, மெல்ல மெல்ல ஒரு பக்கம் மேலிருந்து இறங்கத் தொடங்கியது. ‘எபி’ வரைக்கும் வந்திருக்கும், கரண்ட் நின்றது. இரண்டாம் நாள் கரண்ட் இருந்தது, பக்கம் பாதி இறங்கியது, நின்றது. என்ன என்று எட்டிப் பார்த்தால், அதிபர் யாருக்கோ ஃபோன் எடுக்க ரிசீவரைத் தூக்கியிருக்கிறார். அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டதும், ஆமி தன்னுடைய ஃபோனை ஒட்டுக்கேட்கிறது என்று மனுசன் முடிவுகட்டிவிட்டார். கதிரையை விட்டு எழும்பி நின்று, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் இன்ரநெற்றிடம் மிகப் பணிவாகச் சிங்களத்தில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்: “சேர், இது பள்ளிக்கூடம் மட்டும்தான் சேர். நாங்கள் ஒண்டும் செய்யிறதில்லை.”

நல்லா அழுத்தி

பிறகு ஒருநாள் கரண்டும் இருந்தது, அதிபரும் கூட்டத்துக்குப் போயிருந்தார். எங்கேயோ வெளிநாட்டு ஆசுப்பத்திரி ஒன்றின் பக்கம், கடைசி வரி வரைக்கும் வந்து சேர்ந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். மூளையில் நடக்கிற விசயம், பேயும் இல்லை பிசாசும் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். ‘தொற்றாது’ என்ற சொல்லை மட்டும் அகராதியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இன்னொரு பிழையைத் தாங்க எனக்குச் சக்தி இல்லை. பிறிண்ட் எடுத்து, கொம்பியூட்டரில் தமிழ் எழுத்து இல்லாதபடியால் கீழே என் கையாலேயே தமிழில் எழுதினேன். பொறுப்பாக வரதன் சேரையும் வாசித்துப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்த நாள் சுகந்தியிடம் கொடுத்தபோது அவள் கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவள் வாசித்தாள். முகம் மலர்ந்தது. பிறகு கடுதாசியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். திரும்ப முன்பக்கம் பார்த்தாள். எதையோ தேடுகிறாள். “என்ன பிள்ளை, பிழை ஏதும் இருக்கோ?” என்றேன்.

“பிழை இல்லை ரீச்சர். ஆனா இது சும்மா கடுதாசி மாதிரி இருக்கு. எங்கட பக்கத்தில சீல் இல்லாத கடுதாசியைச் சென்ரியில கூட வாங்கிப் பாக்க மாட்டாங்கள்.” அவள் கண் என் மேசைக்குப் போனது. சீடிச் சம்பவத்துக்குப் பிறகு அந்தச் சீல் சனியனைத் தொடவே கூடாது என்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன்.

நூலக சீலுக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம், இது வைத்தியசாலையா என்று ஒரு கணம் யோசித்தேன். எழுதியிருப்பது உண்மை, எடுத்தது எங்கள் நூலகத்தில், பிறகென்ன! திறப்பைத் தேடி லாச்சியைத் திறந்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. பயிற்சியில் சொன்ன இரகசியச் சீலையும் விடவில்லை. சுகந்தி கடுதாசியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்: “நல்லா அழுத்தி அடியுங்கோ ரீச்சர், பள்ளிக்கூடத்தின்ர பேர் விளங்கவேணும்.”

இனி என்ன கதை

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அவளுடைய பஸ் வருகிற நிலாவெளிப் பக்கம் றோட்டு மூடியிருக்கிறது என்றார்கள். கடுதாசியைச் சென்ரியில் பறித்திருப்பார்களோ, பெரிய வாத்தியார் என் தமிழைப் பார்த்துச் சிரித்திருப்பாரோ என்று ஒரே யோசனை. மூன்றாம் நாள் இடைவேளைக்கு, பழைய வாயாடியாக வந்து நின்றாள். தம்பியை எடுத்துவிட்டார்களாம்! அதுவும் முன்வாங்கில், பெரிய வாத்தியாருடைய கண்ணுக்கு முன்னாலேயாம். வரதன் சேர் நிற்கிறார் என்றும் பாராமல் நான் விம்மி விம்மி அழுதேன். கறை எடுக்கத் தெரிந்தவளுக்குக் கண்ணீரைத் துடைக்கத் துணி ஒன்றும் கையில் இல்லை, மேசை துடைக்கிற துணியால் துடைத்தேன்.

அழுது முடிந்ததும் எனக்கு வழக்கமான பெருமை தலைதூக்கியது. இரவிரவாக யோசித்து எழுதிய தமிழ் அல்லவா? “பெரிய சேர் முழுதும் வாசிச்சவரோ? என்ன சொன்னவர்?” என்று கேட்டேன். சுகந்தி உள்ளதைச் சொன்னாள்: “முதல் இரண்டு வரி வாசிச்சவர் ரீச்சர். பிறகு மற்றத் தாய்மாரைக் கூப்பிட்டுச் சீலைத்தான் காட்டினவர். ‘திருகோணமலையிலயிருந்து வந்திருக்கு, சீலும் இருக்கு, இனி என்ன கதை?’ எண்டு கேட்டவர்.”

அறிக்கை

தவணை முடிய, மினுங்குகிற சப்பாத்து அலுவலர் அறிக்கை வாங்க வந்தார். அதிபருக்குச் சீடிதான் வேண்டும். அது ஃபோனுக்குள் புகுந்து கத்தாது. வரதன் சேருக்கு இன்ரநெற்தான் வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்ரநெற் என்று எழுதியிருந்தேன். காரணம் என்ற இடத்தில் எழுதியதை அலுவலர் வாய்விட்டு வாசித்தார்: ‘அதற்குப் பொறுப்பாளரால் சீல் அடிக்க ஏலாது.’ பேனையை மூடி வைத்தார். “மிஸ், எவ்வளவோ பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறன். தன்னிட்டயிருந்து நூலகத்தைக் காப்பாத்தச் சொல்லிக் கேட்ட பொறுப்பாளர் நீங்கள் ஒரு ஆள்தான்.”

சீடியா இன்ரநெற்றா என்று ஒரு தவணை முழுக்க மண்டையை உடைத்து, என் நூலக வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு உருப்படியான வேலை, ஒரு சீடியை நாசமாக்கிய அதே சீலை ஒரு கடுதாசியில் அழுத்தி அடித்ததுதான்.